நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு

எங்கள் வாசகர் வட்டத்தில் நண்பர் ஒருவர் இருந்தார். தடித்த நாவல்களைப் பற்றிப் பேச ஆள் தேவைப்பட்டால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். குறிப்பு எதுவும் கையில் இல்லாமல், இன்ன அத்தியாயத்தில் இன்னார் இப்படிச் சொல்கிறார், அது முன்பு வந்த இன்ன காட்சிக்குப் பதில் என்று நூலைப் பிரித்து மேய்ந்துவிடுவார். பிறகு அவருக்கு நோய் வந்தது. மருத்துவமனை, மருந்து, நீண்ட விடுப்பு எல்லாம் ஆகி, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு தேறி வேலைக்குத் திரும்பினார். கூட்டத்துக்கும் வந்தார். ஆனால் பேசவில்லை. கொடுத்த நூலைப் படித்திருக்கவும் இல்லை. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு வருவதும் நின்றது. "உடம்பு சரியாகிவிட்டது, ஆர்வம்தான் போய்விட்டது" என்று எங்களில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறிதொரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் புரட்டினேன். 43ஆம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு இருந்தது. இன்னொன்றில் 20ஆம் பக்கத்தில். மற்றொன்றில் முன்னுரையிலேயே. அவர் சங்கடத்துடன் சிரித்தார். "ரெண்டாவது பாராவுக்குப் போறதுக்குள்ள முதல் பாரா அழிஞ்சுடுது. கரும்பலகையை யாரோ பின்னாடியே துடைச்சிக்கிட்டு வர்ற மாதிரி" என்றார். எழுச்சியும் இல்லை, சோர்வும் இல்லை, நன்றாகத் தூங்குகிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். மருத்துவரின் ஏட்டில் அவர் குணமானவர். வாசிக்க மட்டும் முடியவில்லை.

அவருக்கு வந்தது பைபோலார் என்று இப்போது பரவலாக அறியப்படும் இருதுருவ மனநோய். சில வாரங்களோ மாதங்களோ மனம் கட்டற்று மேலே பறக்கும். உறக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, கையிருப்பெல்லாம் கரையும். பிறகு அதே மனம் கிணற்றின் அடியில் போய்க் கிடக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறார். நம்முடைய எந்த இலக்கியக் கூட்டத்திலும் இவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடும்.

இலக்கியம் படிப்பவர்களாகிய நமக்குப் பித்து என்ற சொல்லின் மீது தீராத மயக்கம் உண்டு. இறைவனையே பித்தன் என்று விளித்துப் பாடத் தொடங்கிய மரபு நம்முடையது. சித்தர்களின் கிறுக்கை ஞானத்தின் மறுபெயராகவே கொண்டோம். நவீன இலக்கியத்துக்கு வந்தபோதும் இந்த மயக்கம் தெளியவில்லை. மேலைநாட்டுக் கவிஞர்களின் மனநலக் காப்பக நாட்களை ஒருவித ஏக்கத்துடன் பேசினோம். இதற்கு அறிவியல் ஆதரவு தேவைப்பட்டபோதெல்லாம் அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1993இல் எழுதிய 'டச்டு வித் ஃபயர்' என்ற நூல் கைக்கு வாகாக இருந்தது. பைரன், டென்னிசன், ஷூமன் என்று ஒரு நீண்ட வரிசையை நிறுத்தி, கலை மனத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்த நூல் அது. அதைப் படிக்காதவர்களும் மேற்கோள் காட்டினார்கள்.

அதே ஜேமிசன் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995இல், 'ஆன் அன்கொயட் மைண்ட்' என்ற தன்வரலாற்றை எழுதினார். இந்நோயைப் பற்றிய நிபுணராக உலகம் அறிந்திருந்தவர், தானே அதன் நோயாளி என்று அதில் அறிவித்தார். 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே அவருக்கு முழு எழுச்சி நிலை வந்து சித்தம் கலங்கியது. லித்தியம் கொடுத்தார்கள். இந்நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எழுச்சி நிலையின் வர்ணனைகளையும் தற்கொலை முயற்சியையும் விடாமல் சொல்வார்கள். எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. லித்தியம் எடுக்கத் தொடங்கிய பிறகு பத்தாண்டுக்கும் மேலாக அவரால் ஒரு கனமான நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடியவில்லை. குழந்தைப் பருவம் முதல் புத்தகங்களுக்குள்ளேயே வளர்ந்தவர் அவர். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். அப்படியும் படித்தது நிற்கவில்லை. சிறுவர் நூல்களுக்கு இறங்கினார். கைகளுக்கு வேலை வேண்டி ஊசித் தையல் பழகினார். கவிதை மட்டும் எட்டும் தூரத்தில் இருந்தது. பின்னாளில் மருந்தின் அளவு குறைக்கப்பட்டபோதுதான் வாசிப்பு திரும்பி வந்தது.

முதல் நூலை எழுதியவரும் இரண்டாம் நூலை எழுதியவரும் ஒரே ஆள். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். பித்து எழுதவைத்த கவிதைகளின் பட்டியல் நமக்கு உவப்பாக இருந்தது. பித்தும் அதன் மருந்தும் பிடுங்கிக்கொண்ட வாசிப்பைப் பற்றி எவரும் பட்டியல் போடவில்லை. தமிழில் கோபிகிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்க'ளில் மனநோயாளிகளின் குரல்களைக் கேட்டெழுதினார். அந்த வழியில் அவருக்குப் பின் நாம் அதிக தூரம் போனதாகத் தெரியவில்லை.

மருத்துவம் இதைக் கவனிக்கத் தாமதமானதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் அறிவு படிப்படியாகச் சிதையும். பின்னாளில் அது ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் பெற்றது. மற்றொன்றில் நோய் அலை அலையாக வந்து போகும், அலைகளுக்கிடையே மனிதர் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுவார். இரண்டாவதுதான் நாம் பேசும் நோய். இந்தப் பாகுபாடு மிகவும் பயனுள்ளதாக இருந்தது, உண்மைதான். ஆனால் அது ஒரு நூற்றாண்டுக்கு ஒரு நம்பிக்கையையும் விட்டுச் சென்றது: அலை வடிந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை. கரையில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று யாரும் அதிகம் குனிந்து பார்க்கவில்லை.

1990களிலும் அதற்குப் பின்னும் பார்த்தார்கள். எழுச்சியோ சோர்வோ இல்லாத சம நிலையில் இருக்கும் நோயாளிகளையே சோதித்தார்கள். சொற்களின் பட்டியல் ஒன்றை வாசித்துக்காட்டிச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வது ஒரு சோதனை. சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது இன்னொன்று. சம நிலையிலும் பலருக்கு மூன்று இடங்களில் தளர்ச்சி காணப்பட்டது: கேட்டதையும் படித்ததையும் நினைவில் இருத்துவது, கவனத்தைத் தொடர்ந்து ஓரிடத்தில் நிறுத்துவது, திட்டமிட்டுச் செய்வதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தை மாற்றுவதுமான நிர்வாகத் திறன். இவற்றோடு மனத்தின் வேகமும் சற்றுக் குறைகிறது. பார்சிலோனா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு எழுச்சி, சோர்வு, சமம் என்ற மூன்று நிலைகளிலும் இந்தத் தளர்ச்சி தொடர்வதைக் காட்டியது. அதற்குப் பின் வந்த தொகுப்பாய்வுகளும் இதையே உறுதி செய்தன. பொதுவான புத்திக்கூர்மைக்குப் பெரிய சேதமில்லை. எல்லோருக்கும் இது வருவதுமில்லை. நோய்க்குப் பிறகும் எந்தக் குறையுமின்றி இருப்பவர்கள் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு புதிய பயத்தைப் பரப்பியவன் ஆவேன்.

இந்த மூன்று திறன்களையும் வைத்துக்கொண்டு நாவல் வாசிப்பு என்றால் என்ன என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். நூறாம் பக்கத்தில் கதவைத் தட்டுகிறவன் பத்தாம் பக்கத்தில் ஊரைவிட்டுப் போனவன் என்று தெரிந்தால்தான் அந்தத் தட்டலுக்குப் பொருள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியனின் மனம் மெதானிலிருந்து மதுரைக்கும் சின்னமங்கலத்துக்கும் முன்னறிவிப்பின்றித் தாவும். தாவிய இடம் எது என்று பிடித்துக்கொள்ள, தாவுமுன் இருந்த இடம் நினைவில் நிற்க வேண்டும். ருஷ்ய நாவல்களில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் நானே கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். கவிதை ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. மறந்தால் கண்ணைச் சற்று மேலே உயர்த்தினால் போதும். ஜேமிசனுக்குக் கவிதை தங்கியதற்கும் நாவல் நழுவியதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரசனை குறைந்துவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று வெளியிலிருந்து சொல்லப்படுவதெல்லாம் இந்த நழுவலைத்தான்.

இதில் நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு? மருந்தின் மீதே முழுப் பழியையும் போடுவது எளிது. நம் வட்டாரத்தில் அதற்கு வரவேற்பும் உண்டு. மாத்திரை கலைஞனைக் கொன்றுவிடும் என்ற வாக்கியத்தை நானே நான்கைந்து பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். மருந்து எடுக்காத நோயாளிகளிடமும் இந்தத் தளர்ச்சி காணப்படுகிறது. நோயே வராத உடன்பிறந்தாரிடமும் அதன் மெல்லிய சாயல் தென்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எழுச்சி நிலை எத்தனை முறை வந்ததோ அத்தனைக்குத் தளர்ச்சியும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது உண்மையானால், எழுச்சியைத் தடுக்கும் மருந்து நினைவுக்கும் ஒரு காவல்தான்.

லித்தியத்தின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் நகரின் மருத்துவர் ஜான் கேட் எழுச்சி நிலையிலிருந்த 10 பேருக்கு இந்த எளிய உப்பைக் கொடுத்துப் பார்த்து 1949இல் அறிவித்தார். அமெரிக்காவில் 1970இல்தான் அனுமதி கிடைத்தது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ இதில் வாழ்நாளைச் செலவிட்டவர். லித்தியம் எடுக்கும் 24 கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அவர் கேட்டறிந்து 1979இல் எழுதினார்: 12 பேர் படைப்பு கூடியது என்றார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்தது என்றார்கள். கவிஞர் ராபர்ட் லோவல் 1967இல் லித்தியம் தொடங்கினார். அதற்குப் பிறகு எழுதிக் குவித்தார். 1973இல் வந்த 'தி டால்ஃபின்' அவருக்குப் புலிட்சர் பரிசையும் பெற்றுத் தந்தது. ஆக, மாத்திரை கலைஞனைக் கொன்றுவிடும் என்பது பொய். அந்த ஆறு பேர் சொன்னதும் பொய்யல்ல. ஜேமிசன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர்: வாசிப்பைப் பறித்த மருந்தே தன் உயிரைக் காத்தது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

எழுபதுகளில் ரத்தத்தில் லித்தியத்தின் அளவை இன்றைக்கு வைப்பதைவிட உயரத்தில் வைத்தார்கள். இன்று பலருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதுமானதாக இருக்கிறது. லித்தியம் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கக்கூடும். மந்தமான தைராய்டு தன் பங்குக்கு மனத்தில் மூட்டம் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நம் நாட்டில் வேறு மனநல மருந்துகள் தரும் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் மாற்றாக ட்ரைஹெக்சிஃபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்த்தெழுதும் வழக்கம் உண்டு. அது நினைவைக் கலைக்கக்கூடியது. சீட்டில் ஏறிய மாத்திரை தேவை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இறங்காமல் இருப்பதை நாம் எல்லோரும் நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேட்காமல் தானே மருந்தை நிறுத்துவது பேராபத்து. லித்தியத்தைத் திடீரென விட்டவர்களை எழுச்சி நிலை விரைவிலேயே வந்து தாக்குவதும், தற்கொலை ஆபத்து கூடுவதும் நன்கு ஆவணப்படுத்தப்பட்டவை.

ஆனால் கேட்டால் பதில் கிடைக்கிறதா? நண்பர் கேட்டிருக்கிறார். வெளிநோயாளிப் பிரிவில் அவருக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றிருக்கும்போது கேட்டிருக்கிறார். "வேலைக்குப் போறீங்க, தூங்கறீங்க, அப்புறம் என்ன? நாவல் படிக்கலைன்னா என்ன குடியா முழுகிடும்?" என்பது கிடைத்த பதில். மருத்துவர்மீது எனக்குக் கோபமில்லை. அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் வராது. ஆனால் குடி முழுகித்தான் போகிறது. ஒரு மனிதர் தன்னை எதனால் தானென்று அறிந்திருந்தாரோ அது போய்விட்டது. ஓட்டப்பந்தய வீரனுக்குக் கால் மரத்துப்போனால் நடக்க முடிகிறதே என்று சமாதானம் சொல்வோமா?

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2010இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளி மதிப்பெண்களைப் பிற்கால மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டது. 16 வயதில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்கள் பிற்காலத்தில் இருதுருவ நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, நடுத்தர மாணவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் ஓரளவு கூடுதல் வாய்ப்பு இருந்தது. முதல் செய்தியை நம்மவர்கள் 'மேதைமையும் பித்தும்' கணக்கில் மகிழ்ச்சியோடு வரவு வைத்துக்கொண்டார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். இந்நோய் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் உயரத்திலிருந்து விழுகிறவர்கள். நூறில் தொண்ணூற்றைந்தில் இருந்தவர் அறுபதுக்கு வருகிறார். நினைவுச் சோதனை வைத்தால் அறுபது என்பது சராசரிக்கு மேல்; ஒரு குறையும் இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர் இழந்த முப்பத்தைந்து எந்தத் தாளிலும் ஏறாது. இழப்பை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்போம்.

சட்டம் சற்று முன்னே வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பணி இடஒதுக்கீட்டுக்குரிய மாற்றுத்திறன்களில் சேர்த்தது. டெல்லி நீதித்துறைப் பணிக்குத் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு இருதுருவ நோய் இருந்தது. அவர் நிலை நிரந்தரமானதல்ல என்று இடஒதுக்கீட்டில் பணி மறுக்கப்பட்டது. 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அலை வடிந்தால் எல்லாம் சரி என்ற கிரேப்லின் காலத்து நம்பிக்கை இத்தனை காலம் கழித்தும் ஒரு தேர்வுக் கோப்பில் உயிரோடு இருந்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சான்றிதழுக்காகப் பயன்படுத்தும் அளவுகோலோ தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கையே எடைபோடுகிறது. குளித்து உடுத்தி, நாலு பேரோடு பேசி, அலுவலகம் போய்வரும் ஒருவரின் நாவல் அதில் எங்கே ஏறும்?

ஸ்பெயின் நாட்டவர் ஒரு வழி செய்து பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் 239 நோயாளிகள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு வாரம் ஒன்றாக 21 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நாட்குறிப்பு வைத்துக்கொள்வது, பெரிய வேலையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வது, படித்ததைச் சொந்தச் சொல்லில் சுருக்கி எழுதுவது போன்ற பயிற்சிகள் இதில் அடங்கும். முடிவில் நினைவுச் சோதனை மதிப்பெண்கள் பெரிதாக உயரவில்லை. ஆனால் அவர்களின் அன்றாட வாழ்க்கை தெளிவாக முன்னேறியிருந்தது. திறன் திரும்பாவிட்டாலும் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை உண்டு என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் வட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். நண்பரின் சம்மதத்தோடுதான். ஒரு கூட்டத்துக்கு நாவல், அடுத்ததற்கு ஒரே ஒரு சிறுகதை என்று மாற்றிக்கொண்டோம். கதையை இரண்டு வாரத்துக்கு முன்பே பெரிய எழுத்தில் அச்செடுத்து எல்லோருக்கும் கொடுக்கிறோம். அவருக்கு மட்டும் கொடுத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். குறிப்பைப் பார்த்துப் பேசுவதை நாங்கள் சற்று இளக்காரமாகப் பார்த்துவந்தோம், அதையும் விட்டோம். இதைப் பெரிய சீர்திருத்தமாகச் சொல்லவில்லை. சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள், வட்டத்தின் தரம் இறங்கிவிட்டது என்று.

சென்ற மாதம் அவர் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கையில் தபாலட்டை அளவில் மூன்று அட்டைகள் வைத்திருந்தார். நடுவில் ஒரு குழந்தையின் பெயர் நினைவுக்கு வராமல் நின்றார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் அட்டைகளைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.